கடலுக்குச் சாட்சி பேனாவே!

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! சட்டப் புத்தகங்களைக் கட்டுக்கட்டாகச் சுமந்து வந்து எதிரே அமர்ந்திருக்கும் என் அருமை நண்பர்களே! ஒரே ஒரு பேனாவோடு வந்திருக்கும் என் அணித் தோழர்களே! (சிரிப்பு) சேலத்திலிருந்தும் நாமக்கல்லிலிருந்தும் திரண்டு வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! வீட்டில் அமர்ந்து தொலைக்காட்சியில் எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் அன்பு நெஞ்சங்களே! 

"கடலில் நடக்கும் கொடுமைகளுக்கு முடிவு கட்டுவது சட்டத்தின் கையா, பத்திரிகையின் பேனாவா?" இதுதான் தலைப்பு. சுவரொட்டியிலே இதைப் பார்த்துவிட்டு எங்கள் வீட்டுக்குப் பால் ஊற்றுகிறவர் என்னைக் கேட்டார்: "ஏனுங்க சார், இங்கிருந்து கடலுக்கு எத்தனை கிலோமீட்டருங்க?" கிட்டத்தட்ட 200 இருக்கும் என்றேன். "அப்புறம் நமக்கு எதுக்குங்க கடல் பட்டிமன்றம்? கறவை மாட்டைப் பத்திப் போட்டாலாவது நான் வந்து குந்துவேன்!" (பலத்த சிரிப்பு)

நியாயமான கேள்வி. அவரிடம் நான் திருப்பிக் கேட்டேன்: "காலையில் என்ன சாப்பிட்டீர்கள்?" "ரெண்டு இட்லி, ஒரு முட்டைங்க." பிடித்துவிட்டேன் முட்டையை! (சிரிப்பு) ராமேசுவரம், மண்டபம் பக்கம் மீனவ மக்களிடம் 'சங்காயம்' என்று ஒரு சொல் உண்டு. இழுவைப் படகின் வலை கடலின் அடியைத் துடைத்து வாரிக்கொண்டு வரும்போது நல்ல மீனோடு சேர்ந்து பொடிமீன், குஞ்சுமீன், சின்னச் சின்ன நண்டு எல்லாம் வந்து விழும். சந்தையில் அதை யாரும் சாப்பிட வாங்கமாட்டார்கள். அதன் பெயர் சங்காயம். அதைக் காயவைத்து, பொடியாக்கி, கோழித் தீவனத்தில் சேர்க்கிறார்கள். கோழித் தீவனத்தை லாரி லாரியாய் வாங்கும் ஊர் எது? நாமக்கல்! ஆகவே பால்காரர் சாப்பிட்ட முட்டைக்குள்ளே வங்கக் கடலின் ஒரு துளி இருக்கக்கூடும். அந்த வலையை இழுத்தவன் யார், அவன் கூலி வாங்கினானா, உயிரோடு கரை சேர்ந்தானா என்று கேட்க நமக்கும் உரிமை உண்டு நடுவர் அவர்களே. (கைதட்டல்)

எதிரணித் தலைவர் வழக்கறிஞர் அண்ணன் என்ன சொன்னார்? "1982இல் ஐக்கிய நாடுகள் கடல் சட்டம் வந்துவிட்டது, அதில் 320 பிரிவுகள் இருக்கின்றன, பிறகென்ன?" என்று கேட்டார். இருக்கின்றன அண்ணே, இல்லையென்று சொல்லவில்லை. அந்த 320இல் உள்ள ஒரு சங்கதியை மட்டும் நீங்கள் வசதியாய்த் தாண்டிப் போய்விட்டீர்கள். ஆழ்கடலில் ஒரு கப்பல் எந்த நாட்டுக் கொடியைப் பறக்கவிடுகிறதோ, பொதுவாக அந்த நாட்டின் சட்டம்தான் அதற்குள் செல்லும். சரி, கொடியை யார் தருகிறார்கள்? முதலாளி ஒரு நாட்டுக்காரர், மாலுமி இன்னொரு நாட்டுக்காரர், கொடியோ பணம் கட்டி வாங்கிய மூன்றாவது நாட்டுக் கொடி. பனாமா கொடி, லைபீரியா கொடி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். மங்கோலியா கொடி கேள்விப்பட்டதுண்டா? பூகோளப் படத்தைப் பாருங்கள். மங்கோலியாவுக்கு ஒரு முழம் கடற்கரைகூடக் கிடையாது. சுற்றிலும் நிலம், ஒரு பகுதி பாலைவனம். அந்த நாடு 2003இல் கப்பல் பதிவு தொடங்கியது. அலுவலகம் எங்கே? சிங்கப்பூரில்! (சிரிப்பு) மங்கோலியாவுக்கு முடியுமென்றால் நாமக்கல்லுக்கு ஏன் முடியாது? நாளைக்கே ஓர் அலுவலகம் திறந்து, கப்பலுக்கெல்லாம் டி.என். 28 என்று எழுதி அனுப்பிவிடலாமே! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

சிரித்துவிட்டோம். ஆனால் அந்தக் கொடியின் கீழே நடுக்கடலில் ஒருவனை அடித்தால், அவன் எந்தக் காவல் நிலையத்துக்குப் போவான்? நம் ஊரில் குழாயடிச் சண்டை என்றாலே பத்துப் பேர் சாட்சி. கடலிலே சாட்சி யார்? அடிப்பவன், அடிபடுபவன், வேடிக்கை பார்க்கும் திமிங்கிலம். திமிங்கிலம் கோர்ட்டுக்கு வராது அண்ணே.

2014ஆம் ஆண்டு பிஜித் தீவிலே வாடகைக் காரில் ஒரு கைப்பேசி கிடந்தது. யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனது. அதிலே ஒரு படம், பத்து நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. நடுக்கடலில் உடைந்த படகின் கட்டைகளைப் பிடித்துக்கொண்டு மனிதர்கள் மிதக்கிறார்கள். கைகளைத் தூக்குகிறார்கள். சுற்றி நிற்கும் பெரிய மீன்பிடிக் கப்பலிலிருந்து ஒவ்வொருவராகக் குறிபார்த்துச் சுடுகிறார்கள். குறைந்தது நான்கு பேர். சுட்டுவிட்டு, கப்பலில் இருந்தவர்கள் சிரித்துக்கொண்டு தங்களையே படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தக் கொலைகள் நடந்தது 2012இல், நம்முடைய இந்துமாக் கடலில். இரண்டு வருடம் எந்த நாட்டுச் சட்டத்துக்காவது மூக்கு வேர்த்ததா? செத்தவன் யாரென்று தெரியாது, எந்த நாட்டான் என்று தெரியாது. எஃப்.ஐ.ஆர். எங்கே போடுவது?

2015இல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் இயன் உர்பினா என்ற நிருபர் அதை எழுதினார். உலகமே பார்த்தது. அதற்குப் பிறகு வேறு சில புலனாய்வாளர்களும் தொண்டு அமைப்பினரும் விடாமல் தேடி, எந்தக் கப்பல் என்று அடையாளம் கண்டார்கள். 2020இல் தைவான் துறைமுகத்தில் ஒரு கப்பல் கேப்டன் கைதானார். 2021இல் நீதிமன்றம் 26 ஆண்டு சிறை என்றது. மேல்முறையீட்டில் அது குறைந்தது. தண்டித்தது சட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் தூங்கிக்கொண்டிருந்த சட்டத்தை உலுக்கி எழுப்பியது யார் என்பதுதான் இன்றைய வழக்கு. (கைதட்டல்)

"அது இந்தக் காலத்துக் கதை, அந்தக் காலத்தில் சட்டம் நேர்மையாய் இருந்தது" என்று எதிரணித் தங்கை சொல்லக்கூடும். அந்தக் காலத்துக்கும் போவோம் அம்மா. 1781. 'சாங்' என்ற அடிமைக் கப்பல். ஆப்பிரிக்காவிலிருந்து ஜமைக்காவுக்குப் போகிறது. வழியில் குடிதண்ணீர் போதாது என்று காரணம் சொல்லி, 130க்கும் மேற்பட்ட மனிதர்களை உயிரோடு கடலில் தள்ளினார்கள். ஊர் திரும்பியதும் முதலாளிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? "சரக்கு நஷ்டம், இன்சூரன்ஸ் பணம் கொடு" என்று வழக்குப் போட்டார்கள். 1783 மார்ச் மாதம் லண்டனில் விசாரணை. ஜூரிகள், "ஆமாம், கொடுக்கத்தான் வேண்டும்" என்றார்கள்! நீதிமன்றத்தின் கண்ணுக்கு அது கொலையாகத் தெரியவில்லை. குதிரைகளைக் கடலில் எறிந்தால் என்ன கணக்கோ அந்தக் கணக்குத்தான். அன்று அந்த மன்றத்தில் உட்கார்ந்து கேட்ட யாரோ ஒருவர், பெயர் போடாமல், பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். அதைப் படித்தார் ஒலாடா ஈக்வியானோ. அவரே அடிமையாய் விற்கப்பட்டு மீண்டவர். அதைக் கொண்டுபோய் கிரான்வில் ஷார்ப் என்ற அடிமை எதிர்ப்பாளரிடம் சொன்னார். மறு விசாரணை வேண்டும் என்று மேல்மன்றம் சொல்லும் அளவுக்கு விஷயம் வளர்ந்தது. கொலைக்குற்றம் என்று ஒருவர் மீதும் வழக்கு வரவில்லை என்பது வேறு. ஆனால் அடிமை வணிகத்துக்கு எதிராக இங்கிலாந்து மக்களின் மனத்தைக் கிளறிய சம்பவங்களில் அது முக்கியமானது. 1807இல் அந்த வணிகத்தையே தடை செய்தார்கள். கப்பலின் கணக்குப் புத்தகத்தில் சரக்காக இருந்தவர்களை மனிதர்களாக்கியது பத்திரிகையில் வந்த ஒரு கடிதம். அதில் கையெழுத்துக்கூட இல்லை.

இப்போது கொஞ்சம் லாரிக்காரர்களுக்குப் பிடித்த கதைக்கு வருகிறேன். நாமக்கல் லாரியைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாடி கட்டுகிறவர், ஓட்டுகிறவர், ஓட்டி விட்டு ஓய்ந்தவர் என்று வீட்டுக்கு ஒருவர் இங்கே இருப்பீர்கள். நான் சொல்லப்போவது லாரி பின்னாலேயே போய் உலகத்தை மாற்றிய நான்கு பெண்களின் கதை.

இந்தோனேசியாவில் பெஞ்சினா என்று ஒரு தீவுக் கிராமம். எங்கோ ஒரு மூலையில் கிடக்கிறது. அசோசியேட்டட் பிரஸ் என்ற செய்தி நிறுவனத்தைச் சேர்ந்த மார்கி மேசன், ராபின் மெக்டவல், மார்த்தா மெண்டோசா, எஸ்தர் துசான் ஆகிய நான்கு பெண் நிருபர்கள் ஒரு வருடத்துக்கு மேலாகத் தேடிக்கொண்டிருந்தார்கள். தாய்லாந்துப் படகுகளில் அடிமைகளை வைத்து மீன் பிடிக்கிறார்கள் என்ற பேச்சு ரொம்ப நாளாகவே இருந்தது. பேச்சு இருந்து என்ன பயன்? எந்த மீன், எந்தப் படகு, யார் வீட்டுத் தட்டுக்குப் போகிறது என்று யாரும் காட்டவில்லை. இந்தப் பெண்கள் பெஞ்சினாவுக்கே போனார்கள். அங்கே என்ன பார்த்தார்கள்? மீன் கம்பெனியின் வளாகத்திலே ஒரு கூண்டு. கூண்டுக்குள் மனிதர்கள். பெரும்பாலும் பர்மாக்காரர்கள். வேலைக்கு என்று ஆசை காட்டி அழைத்து வந்து, படகில் ஏற்றி, ஒரு நாளைக்கு 20 மணி, 22 மணி நேரம் வேலை. கூலி பெயருக்கு, அல்லது அதுவும் இல்லை. எதிர்த்துப் பேசினால் திருக்கை வாலால் அடி. திருக்கைவால் சாட்டை என்றால் என்னவென்று இங்கே இருக்கும் பெரியவர்களுக்குத் தெரியும். அதில் அடிபட்ட புண் லேசில் ஆறாது.

காட்டுக்குள்ளே ஓர் இடுகாடு. 60க்கும் மேற்பட்ட குழிகள். மரப்பலகையில் பெயர் எழுதியிருக்கிறது. நடுவர் அவர்களே, அந்தப் பெயர்கள் பொய்ப்பெயர்கள்! போலிக் காகிதத்தில் என்ன தாய்லாந்துப் பெயர் எழுதி அவனைக் கப்பலேற்றினார்களோ, அதே பெயரில் புதைத்துவிட்டார்கள். பெற்றவள் தேடி வந்தாலும் மகன் குழியைக் கண்டுபிடிக்க முடியாது. நம் வீட்டில் செத்தவருக்குத் திதி கொடுக்கும்போது முதலில் ஐயர் கேட்பது என்ன? பெயர், கோத்திரம். அதைக்கூட அவனிடமிருந்து பிடுங்கிக்கொண்டார்கள். (அரங்கில் அமைதி)

அந்த மீனை ஏற்றிய சரக்குக் கப்பலைச் செயற்கைக்கோள் வழியாகத் தொடர்ந்தார்கள். தாய்லாந்துத் துறைமுகத்தில் கப்பல் வந்து நின்றது. இரவில் சரக்கு இறங்கியது. கருப்புக் கண்ணாடி போட்ட ஒரு சின்ன வண்டிக்குள் உட்கார்ந்து, நான்கு இரவுகள் கண் விழித்து, எந்த லாரியில் எவ்வளவு மீன் ஏறுகிறது, அந்த லாரி எந்த ஆலைக்குப் போகிறது என்று குறித்தார்கள். லாரி பின்னாலேயே போனார்கள். அந்த ஆலைகளிலிருந்து எந்த நாட்டுக்கு ஏற்றுமதி என்று பதிவேடுகளைப் புரட்டினார்கள். அமெரிக்காவின் பெரிய பெரிய கடைகளுக்கும், பூனைத் தீவனம் செய்கிற கம்பெனிகளுக்கும் வழி போனது. அடிமை பிடித்த மீன் பூனைத் தட்டில்! ஒரு சட்டப் பிரிவு எழுந்து நடந்துபோய் லாரியில் ஏறுமா அண்ணே? நிருபர் ஏறுவாள். (பலத்த கைதட்டல்)

இதற்கு அடுத்து அவர்கள் செய்ததைத்தான் நான் எல்லாவற்றிலும் உயர்வாக நினைக்கிறேன். கையில் உலகத்தையே குலுக்கும் செய்தி. நம் ஆட்களாயிருந்தால் "முதன்முதலில் எங்கள் சேனலில்" என்று அன்றைக்கே போட்டிருப்போம். (சிரிப்பு) அவர்கள் போடவில்லை. முகம் காட்டிப் பேசிய அடிமைகள் இன்னும் அந்தத் தீவில் இருக்கிறார்கள், செய்தி வந்தால் அவர்கள் உயிர் போய்விடும் என்று யோசித்தார்கள். புலம்பெயர்ந்தோருக்கான சர்வதேச அமைப்பிடம் தகவல் கொடுத்து, அந்த மனிதர்களைப் பத்திரமான இடத்துக்கு மாற்றச் செய்து, பிறகுதான் 2015 மார்ச்சில் வெளியிட்டார்கள். ஏப்ரல் 3ஆம் தேதி இந்தோனேசிய அதிகாரிகள் பெஞ்சினாவுக்குப் போனார்கள். ஆபத்தில் இருக்கும் சிலரை மட்டும் அழைத்துப் போவதாக ஏற்பாடு. எல்லோரும் வரலாம் என்றதும் பாருங்கள், படகிலிருந்தும் காட்டிலிருந்தும் மனிதர்கள் ஓடி வருகிறார்கள்! அன்றைக்கு மட்டும் 300க்கும் மேற்பட்டோர். அந்தச் செய்தித் தொடர் முடிவதற்குள் 2,000 பேருக்கு மேல் விடுதலை. 1993இல் பதினெட்டு வயதில் போன ஒரு பர்மியர், 22 வருடம் கழித்துத் தன் தாயின் முன்னால் போய் நின்றார். அந்தத் தாய்க்கு ஓடி வந்து கட்டிக்கொள்ளத்தான் தெரிந்தது. 2016இல் அந்த நால்வரின் பணிக்காகப் புலிட்சர் பரிசு கிடைத்தது.

எதிரணி இப்போது வாயைத் திறக்கும் முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். அடிமை உழைப்பில் செய்த பொருளை இறக்குமதி செய்யக்கூடாது என்று அமெரிக்காவில் 1930லேயே சட்டம் இருந்தது. இருந்ததா? இருந்தது. ஆனால் அதில் ஓர் ஓட்டை. "உள்நாட்டில் போதுமான அளவு கிடைக்காத பொருளென்றால் பரவாயில்லை" என்று ஒரு வரி! அண்ணே, இது உங்கள் சட்டம். ஓட்டை வலை. பெரிய மீனெல்லாம் அதன் வழியே போய்விடும், குஞ்சு மட்டும் மாட்டும். இந்தச் செய்திகளெல்லாம் வந்த பிறகு, 2016 பிப்ரவரியில்தான் அந்த ஓட்டையை அடைத்தார்கள். 86 வருடம்! வலை பின்னியது சட்டம், கிழிசலைக் காட்டியது பேனா. (கைதட்டல்)

நான் தமிழ் வாத்தியார். வள்ளுவரைத் தொடாமல் இறங்கினால் என் மாணவர்கள் என்னை மன்னிக்கமாட்டார்கள். 59ஆம் அதிகாரம், ஒற்றாடல். அதன் தொடக்கத்திலேயே அவர் என்ன சொல்கிறார்? ஒற்றும் நூலும், இந்த இரண்டும்தான் மன்னனுக்குக் கண்கள் என்கிறார். நூல் என்றால் நீதிநூல், அதாவது எதிரணி. ஒற்று என்றால் போய்ப் பார்த்து வந்து சொல்வது, அதாவது நாங்கள். இதில் எதை முன்னால் வைத்தார்? ஒற்றை! (சிரிப்பு, கைதட்டல்) நடுவர் தலையாட்டுகிறார், குறித்துக்கொள்ளுங்கள். அந்த அதிகாரத்திலேயே இன்னொன்றும் சொல்கிறார். ஓர் ஒற்றன் கொண்டுவந்த சேதியை இன்னோர் ஒற்றனை வைத்துச் சரிபார் என்கிறார். ஒருவன் சொன்னதை மட்டும் நம்பி அச்சில் போடாதே என்று இன்றைய பத்திரிகை ஆசிரியர் தன் நிருபருக்குச் சொல்வதும் இதுதானே.

சிலப்பதிகாரத்தில் என்ன நடந்தது? பாண்டியன் அவையில் சட்டம் இல்லையா? இருந்தது. திருடினால் தண்டனை என்று இருந்தது. பொற்கொல்லன் ஒருவன் சொன்னான், அரசன் சரிபார்க்கவில்லை, கோவலன் தலை போயிற்று. உண்மை எப்போது வெளியே வந்தது? கண்ணகி சிலம்பை எடுத்து உடைத்தபோது. உள்ளே இருந்தது முத்தா, மாணிக்கமா என்று ஆதாரத்தைத் தரையில் எறிந்தாள். என்னைக் கேட்டால் தமிழ்நாட்டின் முதல் புலனாய்வு நிருபர் அவள்தான். என்ன, மதுரையை எரித்திருக்க வேண்டாம். அதுதான் பத்திரிகைக்காரர்கள் சில சமயம் செய்யும் தப்பு! (சிரிப்பு) ஆமாம், தப்பு செய்கிறார்கள். விசாரிக்காமல் எழுதி, அப்பாவி ஒருவனைக் கடத்தல்காரன் ஆக்கிய செய்திகளும் உண்டு. எதிரணித் தங்கை அதைச் சொன்னபோது நான் மறுத்துத் தலையாட்டவில்லை.

தங்கை இன்னொன்றும் கேட்டார்: "கேரளக் கடலில் நடந்ததற்கு நீதி வாங்கிக் கொடுத்தது சட்டம்தானே?" பார்ப்போமே. 2012 பிப்ரவரி 15. என்ரிகா லெக்சி என்ற இத்தாலி எண்ணெய்க் கப்பல். அதில் காவலுக்கு இருந்த கடற்படை வீரர்கள், கொள்ளையர் என்று நினைத்தோம் என்று சொல்லி, மீன்பிடிப் படகு மீது சுட்டார்கள். இரண்டு மீனவர்கள் மாண்டார்கள். ஒருவர் நம்முடைய கன்னியாகுமரி மாவட்டத்துப் பிள்ளை. கேரள உயர்நீதிமன்றம், உச்சநீதிமன்றம், சர்வதேசத் தீர்ப்பாயம் என்று வழக்கு ஊர் ஊராய்ப் போயிற்று. சுட்டவர்களை விசாரிக்கும் உரிமை இந்தியாவுக்கு இல்லை, இத்தாலிக்குத்தான், நஷ்டஈடு வாங்கிக்கொள்ளுங்கள் என்று 2020இல் தீர்ப்பு. 2021 ஜூன் மாதம் 10 கோடி ரூபாயோடு உச்சநீதிமன்றம் வழக்கை முடித்தது. அடுத்த ஜனவரியில் ரோம் நகரத்து நீதிபதியும் கோப்பை மூடிவிட்டார். பணம் வந்தது, அந்தக் குடும்பங்களுக்கு அது வேண்டும், நான் குறை சொல்லவில்லை. ஒன்பது வருடம். கடைசியில் குற்றவாளி என்று ஒருவரும் இல்லை. இதை வெற்றி என்று தங்கை சொல்கிறார், சொல்லட்டும்.

நேரமாகிறது, நடுவர் கை மணியின் மேலே இருக்கிறது. ஒரு சேதி மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். இது புத்தகத்தில் படித்ததில்லை.

ராசிபுரம் பக்கம் ஒரு கிராமம். என்னிடம் படித்த பையன். அப்பா இல்லை. அம்மா சேகோ ஆலையில் கூலி வேலை. வெள்ளை வெளேரென்று மாவு படிந்த கையோடு கல்லூரிக்கு வந்து மகனுக்குப் பணம் கட்டியதைப் பார்த்திருக்கிறேன். பையன் படித்து முடித்துவிட்டு, கப்பல் வேலை என்று ஓர் ஏஜெண்டிடம் மூன்று லட்சம் கட்டினான். வேலைக்காகக் கடலோடியிடம் கட்டணம் வாங்குவதே தப்பு என்பது அன்றைக்கு எனக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. உரிமம் உள்ள ஏஜெண்டுகளின் பட்டியலை மும்பையிலுள்ள கப்பல் துறைத் தலைமை இயக்குநரகம் வெளியிட்டிருக்கிறது என்பதும் தெரியாது. உங்கள் வீட்டில் பிள்ளை யாராவது கிளம்பினால் முதலில் அந்தப் பட்டியலைப் பாருங்கள்.

வளைகுடாவில் ஒரு துறைமுகத்துக்கு வெளியே கப்பல் நங்கூரம் போட்டு நின்றது. நின்றது, நின்றுகொண்டே இருந்தது. முதலாளி டீசல் அனுப்புவதை நிறுத்தினார், அப்புறம் சம்பளம், அப்புறம் சாப்பாடு. கரை கண்ணுக்குத் தெரிகிறது, இறங்க முடியாது. ஒரு நாள் அந்த அம்மா வீட்டுக்கு வந்தார். "சார், பையன் போன் பண்ணுனானுங்க. மீன் புடிச்சுத் திங்கிறானுங்களாம். தண்ணி காச்சுறதுக்குக்கூட விறகு இல்லையாம், கப்பல் கட்டையை உடைச்சு எரிக்கிறானுங்களாம். ஒரு மனு எழுதிக் குடுங்க சார்." எழுதினேன். நல்ல தமிழில், எதுகை மோனை தவறாமல் எழுதினேன்! அலுவலகம் அலுவலகமாய் அனுப்பினோம். "உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது" என்று பதில் வந்தது. எங்கிருந்து எங்கே அனுப்பினார்கள் என்பது அந்தக் காகிதத்துக்குத்தான் தெரியும். ஆறு மாதம் போயிற்று.

அப்போது ஒரு பத்திரிகையின் பகுதிநேர நிருபர், சின்னப் பையன், பழைய மோட்டார் சைக்கிளில் என்னைத் தேடி வந்தான். என் மனுவைப் படித்தான். "ஐயா, தமிழ் ரொம்ப நல்லாருக்கு. கப்பலோட நம்பர் எங்கே?" என்றான். விழித்தேன். ஒவ்வொரு கப்பலுக்கும் ஐ.எம்.ஓ. எண் என்று ஏழு இலக்கம் உண்டாம். பெயரை மாற்றலாம், கொடியை மாற்றலாம், முதலாளியை மாற்றலாம், அந்த எண் மாறாது. நம் லாரிக்குச் சேஸிஸ் நம்பர் மாதிரி. ஆறு மாதம் நான் எழுதிய பதினாலு மனுவிலும் அது இல்லை! பையனுக்குப் போன் போட்டு வாங்கினான். அடுத்து இன்னொன்று கேட்டான்: "தம்பி, கப்பல்லே சுவத்துலே ஒரு இன்சூரன்ஸ் சர்டிபிகேட் ஒட்டியிருக்கும் பாரு, அதைப் போட்டோ எடுத்து அனுப்பு." எதிரணித் தலைவர் புகழ்ந்தாரே, 2006ஆம் ஆண்டுக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, அதில் 2017 ஜனவரியிலிருந்து நடைமுறைக்கு வந்த ஒரு திருத்தம். முதலாளி கைவிட்டால் நான்கு மாதச் சம்பளம் வரைக்கும், ஊர் திரும்பும் செலவுக்கும் காப்பீடு இருக்க வேண்டும், அதன் சான்றிதழைக் கப்பலில் எல்லோரும் பார்க்கும்படி ஒட்டி வைக்க வேண்டும் என்பது விதி. அண்ணே, உங்கள் சட்டம் அந்தப் பையன் தலைமாட்டிலேயே தொங்கிக்கொண்டிருந்தது! தினமும் அதைத் தாண்டிப் போய்த்தான் மீன் பிடித்திருக்கிறான். படி என்று சொல்ல ஒருவன் மோட்டார் சைக்கிளில் வர வேண்டியிருந்தது. (நீண்ட கைதட்டல்)

கப்பல் பெயர், எண், காப்பீட்டுக் கம்பெனி, கொடி நாடு எல்லாம் போட்டு செய்தி வந்தது. ஆங்கிலப் பத்திரிகைகள் எடுத்துப் போட்டன. கடலோடிகள் சங்கம் நுழைந்தது, தூதரகம் பேசியது. ஏழு வாரத்தில் பையன் கோவை விமான நிலையத்தில் வந்து இறங்கினான். பதினோரு கிலோ குறைந்திருந்தான். அவன் அம்மா அவனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கண்ணு, கையெல்லாம் ஏன் இப்படி வெடிச்சுக் கெடக்குது?" என்று மட்டும் கேட்டார்.

அதே உடன்படிக்கையில் மீன்பிடிப் படகில் வேலை செய்பவனுக்கு இடமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சரக்குக் கப்பல் என்பதால் இந்தப் பையன் தப்பினான். பெஞ்சினா மாதிரி மீன்படகில் ஏறியிருந்தால் தலைமாட்டில் தொங்க அந்தக் காகிதமும் இருந்திருக்காது.

(மணி ஒலிக்கிறது)

இதோ முடித்துவிட்டேன் ஐயா. பதினொரு மாதச் சம்பளப் பாக்கியில் காப்பீட்டின் மூலம் நான்கு மாதம் வந்தது. அது சட்டம் கொடுத்தது, நன்றியோடு ஒப்புக்கொள்கிறேன். போன வாரம் அந்த அம்மா மறுபடி வீட்டுக்கு வந்தார். "சார், பாக்கி ஏழு மாசத்துக்கு யாருக்குங்க மனு எழுதோணும்?" என்றார். நான் பேனாவை எடுக்கவில்லை. அந்த நிருபர் தம்பியின் தொலைபேசி எண்ணைத்தான் தேடினேன்.

(பலத்த கைதட்டல்)